கொட்டப்படும் தக்காளி, கப்பலேறும் பிஞ்சு வெள்ளரி

மாலை நான்கு மணியைத் தாண்டினால் போதும், திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமச் சாலையோரக் கொட்டகைகளில் ஆட்கள் சேரத் தொடங்கிவிடுவார்கள். மொபெட்டின் பின்னால் ஒரு மூட்டை, சைக்கிள் கேரியரில் ஒரு கூடை, சிலர் தலையில் சாக்கு. உள்ளே இருப்பவை விரல் நீளம்கூட வளராத வெள்ளரிப் பிஞ்சுகள். பூ வாடி நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும். தார்ப்பாயில் கொட்டிப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரிக்கிறார்கள். சுண்டுவிரல் பருமன் ஒரு குவியல், கட்டைவிரல் பருமன் இன்னொன்று, அதைத் தாண்டியதெல்லாம் மூன்றாவது. ஒரு கிலோவுக்கு 160 பிஞ்சுக்கு மேல் நின்றால் உச்ச விலை. எண்ணிக்கை குறையக் குறைய விலையும் இறங்கும். நேற்றுப் பறிக்க ஆள் வராமல் விட்ட கொடியில் இன்று பிஞ்சு பருத்திருக்கும். ஒரே இரவில் முதல் தரம் மூன்றாம் தரமாகிவிடும். கம்பெனி ஆள் எடை போட்டு அட்டையில் எழுதித் தருகிறார். இருட்டுவதற்குள் லாரி கிளம்ப வேண்டும்.

இதற்குப் பெயர் கெர்கின். விளைவித்த ஊரில் இதை யாரும் குழம்பில் போடுவதில்லை, சந்தையில் கூறு கட்டி விற்பதும் இல்லை. ஆலையில் கழுவி, வினிகரிலோ உப்புக் கரைசலிலோ பேரல் பேரலாக அடைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புகிறார்கள். அமெரிக்காவிலும் பிரான்ஸிலும் ரஷ்யாவிலும் பர்கருக்குள்ளும் சாலட்டுக்குள்ளும் போய்ச் சேர்கிறது.

அதே மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் இருக்கிறது. அங்கே தக்காளி விலை சரிந்த நாட்களில் நடப்பது தமிழ்நாடே பார்த்த காட்சி. பறிப்புக் கூலி, பெட்டி வாடகை, வண்டிச் சத்தம், மண்டி கமிஷன் எல்லாம் போக மிஞ்சுவது ஒன்றுமில்லை என்றால், விவசாயி பழத்தைச் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். இல்லை, பறிக்காமலே விட்டு ஆடு மாடுகளை வயலுக்குள் ஓட்டிவிடுகிறார். உடனே எல்லாப் பக்கமும் ஒரே குரல் எழும்: இங்கே ஒரு தக்காளி ஆலை இருந்தால் இந்தக் கதி வருமா?

கட்சிகளின் வாக்குறுதியிலும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் பல பத்தாண்டுகளாகத் திரும்பத் திரும்ப வரும் கோரிக்கை அது. நியாயமான கோரிக்கைதான். ஆனால் இந்தியாவின் காய்கறி பதப்படுத்தும் தொழில் இதுவரை ஓடிய வழியைப் பார்த்தால், கொட்டுகிற தக்காளியை வாங்கிப் பிழைத்த ஆலை என்று ஒன்றைக் காட்டுவது கடினம். பிழைத்தவை எல்லாம் தமக்கென்று விதைக்கச் சொல்லி, விதைக்கும் முன்பே விலை பேசிய ஆலைகள். ஆலைக்கு வேண்டியது உபரி அல்ல, தனக்கான பயிர். அதைப் புரிந்துகொள்ளாமல் போட்ட திட்டங்களால்தான் கட்டடங்கள் எழும்பின, கொட்டுவது நிற்கவில்லை.

தண்ணீரை விரட்டும் தொழில்

உலகில் சீனாவுக்கு அடுத்து அதிகம் காய்கறி விளைவது இந்தியாவில்தான். ஆண்டுக்கு 20 கோடி டன்னுக்கு மேல். அதில் தக்காளி மட்டும் சுமார் 2 கோடி டன். இதில் ஆலைக்குள் நுழைவது ஒற்றை இலக்கச் சதவீதம். மேலை நாடுகளோடு ஒப்பிட்டு நாம் பின்தங்கிவிட்டதாக மேடைகளில் பேசுவார்கள். அந்த ஒப்பீட்டில் பாதி பிசகு இருக்கிறது. நம் நாட்டில் ஏதாவது ஒரு மூலையில் எல்லா மாதமும் தக்காளி காய்க்கிறது. தள்ளுவண்டி வாசலுக்கே வருகிறது. வீட்டில் தினமும் அடுப்பு எரிகிறது. பச்சைக் காய் இவ்வளவு மலிவாகவும் பக்கத்திலும் கிடைக்கும் நாட்டில், டப்பாவில் அடைத்த விழுதுக்கு வீட்டுச் சமையலறை அவ்வளவு எளிதில் வழிவிடாது. வாங்கக் காத்திருப்பவர்கள் ஓட்டல்காரர்கள், கேட்டரிங் செய்வோர், சாஸ் கம்பெனிகள், ஏற்றுமதியாளர்கள்.

அவர்களுக்குத் தேவையானது விழுது. தக்காளியில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். தக்காளி ஆலை என்பது அடிப்படையில் அந்தத் தண்ணீரை ஆவியாக்கும் நிலையம். நாம் சந்தையில் வாங்கும் ரகங்களில் கரையும் திடப்பொருள் 4 முதல் 5 சதவீதம். விழுதில் அது 28 சதவீதம் இருக்க வேண்டும். தோல், விதை, அழுகல் கழிவையும் சேர்த்தால் ஒரு கிலோ விழுதுக்கு ஆறு முதல் ஏழு கிலோ பழம் வேண்டும். ஐந்து, ஆறு லிட்டர் தண்ணீரை விரட்டும் எரிபொருள் செலவு தனி.

பெட்டிச் செய்தி
ஒரு கிலோ விழுதின் கணக்கு

ஒரு கிலோ விழுதுக்கு 6.5 கிலோ பழம் என்று வைத்துக்கொள்வோம்.
பழம் கிலோ 5 ரூபாய் என்றால் பழச் செலவு மட்டும் 32 ரூபாய் 50 காசு.
பழம் 12 ரூபாய் என்றால் 78 ரூபாய்.
பழம் 40 ரூபாய் என்றால் 260 ரூபாய்.
எரிபொருள், கூலி, பேக்கிங், வட்டி இதற்கு மேல். உலகச் சந்தையில் விழுது விலை கடந்த சில ஆண்டுகளாகக் கிலோ ஒரு டாலரைச் சுற்றியே ஏறி இறங்கிவந்திருக்கிறது. ஆகவே பழம் 12 ரூபாயைத் தாண்டும்போதே ஆலைக்கு மூச்சு முட்டும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு 2023-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஜூலையில் பல நகரங்களில் தக்காளி கிலோ 150 ரூபாயைத் தாண்டியது, சில இடங்களில் 200-ஐத் தொட்டது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். மத்திய அரசு நேபாளத்திலிருந்து இறக்குமதி செய்தது. செப்டம்பரில் அதே தக்காளி அடிமாட்டு விலைக்கு இறங்கி, மறுபடி சாலையில் கொட்டினார்கள். எடுப்பும் சரிவும் இரண்டு மாத இடைவெளியில். இந்தச் சந்தையை நம்பி ஆலை கட்டுபவர், ஜூலையில் கதவைப் பூட்ட வேண்டும், செப்டம்பரில் திறக்க வேண்டும்.

இரண்டு மாத ஓட்டம், பன்னிரண்டு மாத வட்டி

கொதிகலனுக்கும் ஆவியாக்கிக்கும் கிருமியில்லாமல் நிரப்பும் இயந்திரத்துக்கும் வாங்கிய கடனுக்கு ஆண்டு முழுக்க வட்டி ஓடுகிறது. சரக்கு மட்டும் எப்போது மலிகிறதோ அப்போது வருகிறது. எப்போது மலியும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது; சரிவு சில வருடம் ஜனவரியில் வருகிறது, சில வருடம் செப்டம்பரில். இயந்திரம் ஓடும் நாட்கள் குறைந்தால் ஒவ்வொரு டப்பாவின் தலையிலும் வட்டி ஏறும். மானியம் கொடுத்து ஆலையைக் கட்டலாம், ஆனால் ஓடாத நாட்களின் செலவுக்கு எந்தத் திட்டமும் பணம் தருவதில்லை.

இந்தத் தொழிலில் உலகத்தை ஆளும் கலிஃபோர்னியா இதை எப்படிச் சமாளித்தது? அங்கே ஆலைத் தக்காளி தனிப் பயிர், சாப்பாட்டு மேஜைத் தக்காளி தனிப் பயிர். தோல் தடித்து, சாறு கெட்டியாக, எல்லாப் பழமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பழுக்கும்படி வளர்த்த ரகம். விவசாயிகள் சங்கமும் ஆலைகளும் உட்கார்ந்து விலை பேசுகின்றன. 2023-இல் அந்த விலை அமெரிக்க டன்னுக்கு 138 டாலர். நம் கணக்கில் கிலோவுக்கு 12 ரூபாய் 50 காசு வாக்கில். 2024-இல் 112.50 டாலருக்கு இறங்கியது. கிலோவுக்கு வெறும் பத்துப் பன்னிரண்டு ரூபாயில் அமெரிக்க விவசாயி எப்படிப் பிழைக்கிறார் என்றால், அவர் ஏக்கருக்குச் சுமார் 45 டன் எடுக்கிறார். நம் தேசிய சராசரி ஏக்கருக்கு 10 டன். அதே விலையில் அவர் கைக்கு ஏக்கருக்கு ஐந்தரை லட்சத்துக்கு மேல் வரும், நம்மவருக்கு ஒன்றேகால் லட்சம். குச்சி ஊன்றிக் கட்டி, சொட்டுநீர் போட்டு, மருந்தடித்து வளர்க்கும் தக்காளிக்கு அந்தப் பணம் செலவுக்கே சரியாகிவிடும். ஆலை ‘நல்ல விலை’ என்று சொல்வதும் விவசாயி ‘நல்ல விலை’ என்று சொல்வதும் ஒட்டாமல் போவது இந்த இடத்தில்தான்.

கலிஃபோர்னியா போன வழியை அப்படியே நாமும் போக வேண்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1964-இல் மெக்சிகோ கூலித் தொழிலாளர் திட்டம் நின்றபோது, டேவிஸ் பல்கலைக்கழகம் உருவாக்கிய அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள், சுமார் 4,000 ஆக இருந்த தக்காளி விவசாயிகள் 600 ஆகச் சுருங்கினார்கள். பல்லாயிரம் பறிப்பவர்கள் வேலை இழந்தார்கள். விழுது மலிந்தது, விவசாயி காணாமல் போனார். அரை ஏக்கரும் ஓர் ஏக்கரும் வைத்துத் தக்காளி போடுபவர்கள் நிறைந்த ராயக்கோட்டையிலும் மதனப்பள்ளியிலும் கோலாரிலும் அந்தக் கதை திரும்ப நடக்கக் கூடாது.

பெட்டிச் செய்தி
அழுகுவது எவ்வளவு?

‘காய்கறியில் 40 சதவீதம் வீணாகிறது’ என்பது அடிக்கடி கேட்கும் பேச்சு. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய தொழில்நுட்ப நிறுவனம் நாடு முழுக்க எடுத்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், தக்காளியில் வீணாவது 12.44 சதவீதம். நபார்டு கன்சல்டன்சி 2022-இல் எடுத்த ஆய்வில் 11.61 சதவீதம். அந்த 2022 ஆய்வின்படி எல்லா விளைபொருளிலும் சேர்த்து ஆண்டு இழப்பு சுமார் 1.53 லட்சம் கோடி ரூபாய். தொகை பெரியது. ஆனால் அந்த இழப்பு வயல், வண்டி, மண்டி, கடை என்று எங்கெங்கோ சிதறிக் கிடக்கிறது. தள்ளுவண்டியில் நசுங்கிய பழத்தைத் திரட்டி ஆலைக்குக் கொண்டுபோக வழியில்லை.

விலை ஏறினால் வண்டி திரும்பும்

சரி, ஒப்பந்தம் போட்டு விளைவிக்கலாமே? போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பெப்சி இந்தியாவுக்குள் நுழைந்தபோது பஞ்சாபின் ஹோஷியார்பூர் மாவட்டத்தில் ஒரு தக்காளி விழுது ஆலை கட்டியது. புது ரகம், நாற்று, ஆலோசனை என்று எல்லாம் கொடுத்தார்கள். அந்தப் பகுதியில் விளைச்சல் பல மடங்கு உயர்ந்தது. ஆனால் சந்தை விலை ஒப்பந்த விலையைத் தாண்டிய நாட்களில் டிராக்டர்கள் மண்டிப் பக்கம் திரும்பின. விலை விழுந்த நாட்களில் ஒப்பந்தம் போடாதவர்களும் ஆலை வாசலில் வரிசை கட்டினார்கள். சில ஆண்டுகளில் அந்த ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது.

விவசாயியை இதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. ஐந்து முறை நட்டத்தில் விற்றவருக்கு ஆறாவது முறை வரும் ஏற்றம்தான் கடனை அடைக்கும் வழி. அன்றைக்கும் ஒப்பந்த விலைக்கே கொடு என்றால், வாழ்நாளில் வரும் ஒரே நல்ல நாளையும் விட்டுக்கொடு என்று பொருள். மறுபக்கம், விலை விழும்போது ‘தரம் சரியில்லை’ என்று வண்டியைத் திருப்பி அனுப்பிய கம்பெனிகளும் உண்டு. இரண்டு தரப்புமே பேச்சை மீறியிருக்கிறார்கள். தக்காளி என்ற ஒரே பொருளுக்கு இரண்டு சந்தை இருக்கும்வரை இது ஓயாது.

கெர்கினில் ஏன் இந்தத் தகராறு குறைவு? அதற்கு இரண்டாவது சந்தையே கிடையாது. ஒப்பந்த விலையைவிட அதிகம் கொடுக்க எந்த மண்டியும் இல்லை. ஐரோப்பாவில் கோடையில் மட்டும் காய்க்கும் கொடி, நம் தென்னாட்டு வெயிலில் ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் காய்க்கும். ஆகவே ஆலை ஏறக்குறைய ஆண்டு முழுக்க ஓடுகிறது. ஐரோப்பிய விவசாயியிடம் இல்லாத இன்னொன்றும் இங்கே இருக்கிறது: ஒவ்வொரு நாளும் கொடிக்குள் குனிந்து, இலையை விலக்கி, பிஞ்சைத் தேடிப் பறிக்கும் கைகள்.

பெட்டிச் செய்தி
கெர்கின்: எண்களில்

1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தொடங்கியது. பின்னர் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானாவுக்குப் பரவியது.
2020-21-இல் வெள்ளரி, கெர்கின் ஏற்றுமதி 2.23 லட்சம் டன், 22.3 கோடி டாலர். உலகிலேயே கெர்கினை அதிகம் ஏற்றுமதி செய்யும் நாடு இந்தியா.
மத்திய வர்த்தக அமைச்சகத்தின் கணக்கில் சுமார் 90,000 சிறு, குறு விவசாயிகள், 65,000 ஏக்கர்.
90 நாள் பயிர். ஏக்கருக்குச் சராசரி 4 டன், வரவு 80,000 ரூபாய், செலவு போக 40,000 ரூபாய்.

அந்த 40,000 ரூபாயைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 90 நாளால் வகுத்தால் நாளுக்கு 444 ரூபாய். கணவனும் மனைவியும் இரண்டு பேராக அந்தக் கொடியோடு கிடந்தால் ஆளுக்கு 222 ரூபாய். ஞாயிறு கிடையாது, திருவிழா கிடையாது, வீட்டில் காரியம் என்றாலும் பிஞ்சு காத்திருக்காது. கிலோவுக்குச் சராசரி 20 ரூபாய் விவசாயிக்கு வருகிறது. கப்பலேறும்போது அதே கிலோ ஒரு டாலர், அதாவது அன்றைய மதிப்பில் எழுபது ரூபாய்க்கு மேல். இடையில் வினிகர், பேரல், கூலி, துறைமுகக் கட்டணம் எல்லாம் உண்டு. ஆனாலும் தரம் பிரிக்கும் கை கம்பெனியின் கை, எடை போடும் தராசும் கம்பெனியுடையது. வேறு சந்தை இல்லை என்பது ஒப்பந்தத்தைக் காப்பாற்றுகிறது. விவசாயியைக் கட்டியும் போடுகிறது. வெளிநாட்டில் ஆர்டர் குறைந்தால் அடுத்த போகத்துக்கு விதை வராது. பூச்சிமருந்தின் எச்சம் ஐரோப்பிய அளவைத் தாண்டினால் பேரல் பேரலாகத் திரும்பும் ஆபத்து. அதனால்தான் எந்த மருந்தை எப்போது அடிப்பது என்பதையும் கம்பெனியின் கள அலுவலரே சொல்கிறார். இத்தனை குறை இருந்தும், கெர்கின் போட்டவர் யாரும் அதைச் சாலையில் கொட்டுவதில்லை. விதைக்கும் முன்பே விலை தெரியும்.

குஜராத்தின் உருளைக்கிழங்கு

இதே பாடத்தை உள்நாட்டுச் சந்தைக்காகப் படித்துத் தேறியது குஜராத். பனாஸ்காந்தா, சாபர்காந்தா, மெஹ்சானா மாவட்டங்களில் உருளைக்கிழங்கு விளைவிப்பவர்களில் பலர் இப்போது காய்கறி மண்டிக்காக விளைவிப்பதில்லை, சிப்ஸுக்கும் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸுக்கும் விளைவிக்கிறார்கள். வீட்டுக் கிழங்கை வறுத்தால் கறுத்துவிடும். காரணம், 2 முதல் 4 டிகிரி குளிர்பதனக் கிடங்கில் வைக்கும்போது மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுகிறது. ஆலைக் கிழங்கு 10 முதல் 12 டிகிரியில், முளை விடாமல் பக்குவம் செய்து வைக்கப்படுகிறது. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் ‘குஃப்ரி சிப்சோனா’ ரகங்களைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு ரகங்களும் வந்தன. ரகம், கிடங்கு, ஒப்பந்தம், வாங்கும் ஓட்டல் சங்கிலி எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தின. 1990-களில் ஃப்ரைஸை இறக்குமதி செய்த நாடு, 2023-24-இல் 1.35 லட்சம் டன்னுக்கு மேல் ஏற்றுமதி செய்தது. மதிப்பு ஏறக்குறைய 1,479 கோடி ரூபாய்.

அந்த வெற்றிக்குள்ளும் ஒரு முள் இருக்கிறது. 2019 ஏப்ரலில், தான் பதிவு செய்த சிப்ஸ் ரகத்தை அனுமதியின்றி விளைவித்ததாகக் குஜராத் விவசாயிகள் சிலர் மீது பெப்சிகோ வழக்குப் போட்டது. நால்வரிடம் தலா ஒரு கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு கேட்டது. சில ஏக்கர் வைத்திருப்பவர்களிடம் ஒரு கோடி! நாடு முழுக்க எதிர்ப்புக் கிளம்பி, மே மாதம் கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றது. 2021 டிசம்பரில் பயிர் ரகப் பாதுகாப்பு ஆணையம் அந்த ரகத்தின் பதிவையே ரத்து செய்தது. டெல்லி உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி அதை 2023-இல் உறுதி செய்ய, இரு நீதிபதிகள் அமர்வு 2024 ஜனவரியில் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பை மாற்றியது. பதப்படுத்தும் தொழில் வளர வளர, விதை யாருடையது என்ற கேள்வி வயலுக்குள் வந்து நிற்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குஜராத்தின் மறுகோடியில், பாவ்நகர் மாவட்டத்து மஹுவா. வெள்ளை வெங்காயத்தைச் சீவி உலர்த்தும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள் அந்த நகரைச் சுற்றி இருக்கின்றன. எட்டு முதல் பத்து கிலோ வெங்காயம் உலர்ந்து ஒரு கிலோ சீவலாகும். சிவப்பு வெங்காயத்தைவிட வெள்ளையில் திடப்பொருள் அதிகம். அதனால் அங்கேயும் தனி ரகம், தனிப் பயிர். மகாராஷ்டிரத்தின் ஜல்காவில் ஜெயின் நிறுவனம் வெள்ளை வெங்காயத்துக்கு வைத்த ஒப்பந்தம் கவனிக்கத் தக்கது. ஓர் அடிவிலை உறுதி. சந்தை அதற்கு மேல் ஏறினால், சந்தை விலையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் காசு மட்டும் குறைத்துத் தருவார்கள். விழும்போது ஆலை தாங்குகிறது, ஏறும்போது விவசாயிக்கும் பங்கு உண்டு. வண்டி மண்டிப் பக்கம் திரும்ப அவசியமில்லாமல் போகிறது. தக்காளியில் உடைந்த ஒப்பந்தத்துக்கு மருந்து இதுதான் என்று நான் நம்புகிறேன்.

பெட்டிச் செய்தி
டெல்லி போட்ட திட்டங்கள்

1988: உணவு பதப்படுத்தும் தொழில்களுக்குத் தனி அமைச்சகம்.
2008: மெகா உணவுப் பூங்கா, ஒவ்வொன்றுக்கும் 50 கோடி ரூபாய் வரை மானியம்.
2018-19: தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கு ‘ஆபரேஷன் கிரீன்ஸ்’, 500 கோடி ரூபாய்.
2020: குறு உணவு நிறுவனங்களை முறைப்படுத்தும் திட்டம், 10,000 கோடி; திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம்.
2021: உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகை, 10,900 கோடி.
2025 செப்டம்பர் 22: சாஸ், பதப்படுத்திய காய்கறிகளுக்கு ஜிஎஸ்டி 12-இலிருந்து 5 சதவீதமானது.

யார் பையில் என்ன விழும்?

இந்தத் திட்டங்களில் பெரும்பணம் கட்டடத்துக்கும் இயந்திரத்துக்கும் போயிருக்கிறது. நாட்டில் 8,000-க்கும் அதிகமான குளிர்பதனக் கிடங்குகள் இருக்கின்றன. கொள்ளளவின் பெரும்பங்கு உருளைக்கிழங்குக்கே. ஆலைக்கேற்ற விதை, விலை ஒப்பந்தம், தகராறு வந்தால் தீர்த்துவைக்க ஆள் ஆகிய மூன்றுக்கும் செலவு குறைவு, கவனமும் குறைவு. பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் ஆலைக்கென்றே ‘அர்கா அபேக்‌ஷா’, ‘அர்கா விசேஷ்’ என்ற தக்காளி ரகங்களை உருவாக்கியிருக்கிறது. அவை நாற்றுப் பண்ணைக்கு வர வேண்டுமானால் வாங்க ஓர் ஆலை முன்கூட்டிச் சம்மதிக்க வேண்டும்.

நுகர்வோருக்கு இதில் என்ன? விலை ஏறும் மாதங்களில் முதலில் தக்காளியைத் தேடி அலைபவை ஓட்டல்களும் கல்யாணச் சமையலும் விடுதிகளும். அவர்கள் கிரேவிக்கும் பிரியாணிக்கும் விழுதுக்கு மாறினால், சந்தையில் மிஞ்சும் பச்சைப் பழம் வீடுகளுக்கு வரும்; 200 ரூபாய் விலை 100-இல் நிற்கலாம். ராணுவம், ரயில்வே கேட்டரிங், அரசு விடுதிகள் ஆண்டு ஒப்பந்தத்தில் விழுதும் வெங்காயச் சீவலும் வாங்கினால் ஆலைக்கு நிச்சயமான வாடிக்கை கிடைக்கும். மத்திய அரசு விலை கட்டுப்பாட்டுக்காகப் பச்சை வெங்காயத்தையே லட்சக்கணக்கான டன் வாங்கி வைக்கிறது. வைத்த இடத்தில் அது முளைக்கிறது, எடை குறைகிறது, அழுகுகிறது. அதில் ஒரு பங்கைச் சீவலாக வாங்கினால் மஹுவா ஆலைகளுக்கு உள்நாட்டிலேயே ஒரு பெரிய வாடிக்கையாளர்.

கவலைப்பட வேண்டியதும் உண்டு. முதலீடு அதிகம் போவது ஃப்ரைஸ், சிப்ஸ், கெச்சப் பக்கம். காய்கறி பதப்படுத்தல் என்ற பெயரில் உப்பும் எண்ணெயும் சர்க்கரையும் நம் குழந்தைகளின் தட்டுக்கு வருகின்றன. விழுது, உறைபட்டாணி, உலர்காய் போன்றவற்றுக்கும் கெச்சப்புக்கும் ஒரே ஊக்கத்தொகை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆலைக்குள் நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஓடும் பெல்ட்டின் இரு பக்கமும் நின்று கெட்ட பழத்தை எடுத்துப் போடுவது, வெங்காயத்தின் தலையும் வாலும் அரிவது, டப்பாவைத் துடைப்பது. சீசன் முடிந்தால் வேலை முடிந்தது. ஆண்டு முழுக்க ஓடும் ஆலையில்தான் அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதியும் போனஸும் கேட்கும் வலு வரும். ஆலையின் ஓடும் நாட்கள் என்ற கணக்கு முதலாளியின் வட்டிக் கணக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்களின் மாதச் சம்பளமும் அதில் அடக்கம்.

நம் வீட்டு மாடிகளில் சுண்டைக்காய், கொத்தவரங்காய், மோர்மிளகாய் வத்தல் போட்டுவந்த கைகளை மறந்துவிடக் கூடாது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் பல இன்று அதைப் பாக்கெட்டில் அடைத்து விற்கின்றன. அவர்களுக்குத் தடையாக இருப்பது சுவையோ உழைப்போ அல்ல, விற்ற சரக்குக்குப் பணம் தாமதமாக வருவது. 10 லட்சம் மானியத்தைவிட, ஒரு மாதக் கடனை மலிவு வட்டியில் கொடுக்கும் வங்கி அவர்களுக்கு அதிகம் உதவும்.

கிருஷ்ணகிரியில் இருப்பதை வைத்தே

தமிழ்நாட்டில் புதிதாக ஆலை கட்டாமலே தொடங்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. ஆந்திரத்தின் சித்தூரும் நம் கிருஷ்ணகிரியும் மாம்பழக் கூழ் தொழிலின் இரண்டு பெரிய மையங்கள். பெங்களூரா என்கிற தோத்தாபுரி மாம்பழத்தை நம்பி அந்த ஆலைகள் மே மாதம் சூடு பிடித்து ஆகஸ்ட் வாக்கில் ஆறிவிடும். அதே சாறு பிழியும் இயந்திரம், அதே ஆவியாக்கி, அதே நிரப்பும் கருவி சில மாற்றங்களோடு தக்காளிக்கும் கொய்யாவுக்கும் பப்பாளிக்கும் ஓடும். சில ஆலைகள் ஏற்கெனவே ஓட்டுகின்றன. மாங்காய்த் தோப்பும் தக்காளி வயலும் அங்கே பக்கம் பக்கமாக இருக்கின்றன. மாம்பழம் முடிந்த பிறகு தக்காளி ஓடினால், வட்டி இரண்டு பயிரின் தலையில் பகிரும். விழுதின் அடக்க விலை இறங்கும். விவசாயிக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க இடம் பிறக்கும்.

சட்டமும் கையில் இருக்கிறது. 2019-இல் ஒப்பந்தப் பண்ணையத்துக்கென்று தனிச் சட்டம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற முதல் மாநிலம் தமிழ்நாடு. விலை விழுந்தாலும் ஒப்பந்த நாளில் பேசிய விலையைக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அடுத்த ஆண்டு மத்திய அரசு கொண்டுவந்த மூன்று வேளாண் சட்டங்களின் புயலில் இது யார் கண்ணிலும் படாமல் போயிற்று. அந்தச் சட்டங்கள் 2021-இல் திரும்பப் பெறப்பட்டன. தமிழ்நாட்டுச் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதன் கீழ் ஒரு மாதிரித் தக்காளி ஒப்பந்தத்தை அரசு எழுதித் தரலாம். அடிவிலை எவ்வளவு, சந்தை ஏறினால் பங்கு எவ்வளவு, தரம் பிரிக்கும் இடத்தில் விவசாயியின் ஆள் ஒருவர் நிற்க வேண்டும், எடை போட்ட ஏழு நாளுக்குள் பணம். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். தனித்தனியாக வரும் விவசாயிகளுக்குப் பதில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் கையெழுத்துப் போட்டால், ஆலைக்கும் பேச ஒரு முகம் கிடைக்கும்.

ராயக்கோட்டைப் பக்கத்து நிழல்வலைக் கூடங்களில் குழித்தட்டுத் தக்காளி நாற்று மூன்று, நான்கு வாரத்தில் நடவுக்குத் தயாராகிவிடுகிறது. எந்த ரகம், எத்தனை ஆயிரம் நாற்று என்று விவசாயி முன்பணம் கட்டுவது அதற்கும் முன்னால். ஆலை தன் விலையை எழுதிக் கொடுக்க வேண்டிய வாரம் அதுதான்.